பெண்மக்களும் யந்திர சாஸ்திரமும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் காலத்தில், ஆண்டுதோறும் தமிழ்நாட்டு வீடுகளில் ஓர் ஆலோசனை நடைபெறுகிறது. கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க்கு வாங்கியவன் பிள்ளையாயிருந்தால், எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது ஒன்றே கேள்வி. அதே மார்க்கை வாங்கியவள் பெண்ணாயிருந்தால், கேள்வியின் ரூபமே மாறிவிடுகிறது. "மெக்கானிக்கலா? பட்டறையில் நிற்க வேண்டுமே! சிவிலா? வெயிலில் நின்று ஆட்களை வேலை வாங்க வேண்டுமே! கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளட்டும், நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இல்லாவிட்டால் பி.எஸ்ஸி. படித்து, பி.எட். முடிக்கட்டும், வாத்தியாரம்மா வேலைதான் குடும்பத்துக்கு ஒத்துவரும்" என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. தீர்ப்புக் கூறுபவர் கல்லாதவர் அல்லர். மாதர் உரிமையைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடியவராகவும் அவர் இருத்தல் கூடும். ஆனால், பெண்ணின் விருப்பம் யாது என்று மட்டும் அவர் கேட்பதில்லை.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "இயற்கை" என்ற ஒரு சொல் விடையாக வருகிறது. பெண்ணின் அறிவு மென்மையான காரியங்களுக்கு ஏற்றது. இரும்பும் மின்சாரமும் ஆணுக்கு உரியவை. இது கடவுள் வகுத்தது. யாரும் மாற்ற முடியாது என்கிறார்கள். இயற்கை நியதியாயின் அதை நாமும் வணங்கி ஏற்கத் தடையில்லை. ஆனால் இயற்கை நியதி காலத்துக்குக் காலம் மாறாது. தேசத்துக்குத் தேசம் வேறுபடாது. இவர்கள் கூறும் காரணமோ ஒரு காலத்திலும் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. ஒரு கதவு திறந்தவுடன், அது அடுத்த கதவண்டை போய்க் காவல் நிற்கிறது. "பெண்களுக்குப் படிப்பு ஏறாது" என்றார்கள், ஏறிற்று. "படித்தாலும் பரிசோதனைச் சாலையில் வேலை செய்ய மாட்டார்கள்" என்றார்கள், செய்தார்கள். "பகலில் செய்யலாம், இரவில் கூடாது" என்றார்கள். இன்று, "எல்லாம் சரிதான், விவாகத்திற்குப் பிறகு நிலைக்க மாட்டார்கள்" என்கிறார்கள். இடத்துக்கு இடம் ஓடும் இந்தக் காரணம் இயற்கையன்று. வெறும் வழக்கமே என்பதும், அவ்வழக்கத்தைக் காத்து நிற்பவர் ஆடவராகிய நாமே என்பதும் நமது கட்சி. அதற்குரிய ஆதாரங்களை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

வைத்தியம் திறந்தது எப்படி?

சென்னை மெடிகல் காலேஜில் 1875ஆம் ஆண்டிலேயே நான்கு பெண்கள் மாணவிகளாகச் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் புகழ் பெற்ற வைத்தியராகிய மேரி ஷார்லீப் அவர்களுள் ஒருவர். இங்கிலாந்திலேயே வைத்தியக் கல்வி பெண்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலம் அது. 1912இல் டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையார் அதே காலேஜில் பட்டம் பெற்றார். பெண் வைத்தியர் என்றால் இன்று நம் நாட்டில் எவரும் வியப்பதில்லை. நடு இரவில் பிரசவம் பார்க்கவும், கத்தியெடுத்து ரண சிகிச்சை செய்யவும் பெண்களுக்கு மனத்திடம் உண்டா என்று எவரும் ஐயுறுவதும் இல்லை.

வைத்தியக் கதவு இவ்வளவு முன்னதாகத் திறந்ததற்குக் காரணம், பெண்ணின் அறிவில் சமூகத்துக்கு ஏற்பட்ட நம்பிக்கையன்று. நம் வீட்டுப் பெண்டிர் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசினர். அவர்களுக்குப் பெண் வைத்தியர் தேவைப்பட்டனர். ஸ்திரீகளை ஒதுக்கி வைத்த அதே வழக்கம், ஸ்திரீகளுக்கென்று ஓர் உத்தியோகத்தையும் உண்டாக்கிக் கொடுத்தது. பாலத்துக்கும் மின்சார நிலையத்துக்கும் அப்படிப்பட்ட சங்கடம் ஒன்றும் இல்லை. ஆகவே யந்திர சாஸ்திரக் கதவைத் திறக்க எவருக்கும் அவசரம் ஏற்படவில்லை. பிணத்தை அறுத்துப் பார்க்கத் துணிந்த பெண், மோட்டாரைப் பிரித்துப் பார்க்க மட்டும் அஞ்சுவாள் என்று நம்புவது எந்தத் தர்க்கத்துக்குப் பொருந்தும்?

கிண்டியில் நிகழ்ந்தது

கிண்டி இஞ்சினீயரிங் காலேஜ், 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. அதில் ஒரு பெண் மாணவியாகக் காலெடுத்து வைக்க 1940ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அந்த மாணவியின் பெயர் அ. லலிதா. அவருடைய சரித்திரத்தை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

லலிதா 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் விவாகம் நடந்தது. 1937இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களுக்குள் கணவர் இறந்துபோனார். பதினெட்டு வயதில், கைக்குழந்தையுடன் கைம்பெண். அக்காலத்தில் அந்த நிலையிலிருந்த பெண்ணுக்கு நம் சமூகம் விதித்திருந்த வாழ்க்கை எத்தகையதென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. லலிதா படிக்க விரும்பினார். குவீன் மேரிஸ் காலேஜில் இண்டர்மீடியட் தேறினார். வைத்தியம் படிக்கலாமே என்ற யோசனை எழுந்தது. வைத்தியராயின் இரவில் குழந்தையை விட்டுப் போக நேரும் என்பதனால், குறித்த நேரத்தில் வேலை முடியும் இஞ்சினீயரிங்கை அவர் நாடினார். குடும்பத்துக்கு ஒத்துவராது என்று இன்றைக்கும் எந்தத் தொழிலை விலக்குகிறார்களோ, அதே தொழில் குழந்தை வளர்ப்புக்கு ஒத்துவருமென்று ஓர் இளந்தாய் அன்றே கண்டுகொண்டார்.

அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டியிலேயே மின்சார இஞ்சினீயரிங் ஆசிரியராயிருந்தவர். அவர், காலேஜ் தலைவர் டாக்டர் கே. ஸி. சாக்கோவையும், கல்வி இலாகா டைரக்டர் ஆர். எம். ஸ்டாதமையும் அணுகிக் கேட்டார். இருவரும் இசைந்தனர். லலிதாவைத் தொடர்ந்து பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இரு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தனர். மூவரும் யுத்த காலத்திலேயே பட்டம் பெற்றனர். பட்டப் பத்திரத்தில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதை மையால் அடித்துவிட்டு, பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

பட்டம் பெற்றபின் லலிதா, ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். ஸிம்லாவில் சர்க்கார் வேலை பார்த்தார். 1948இல் கல்கத்தாவில் ஒரு மின்சாரக் கம்பெனியில் அமர்ந்தார். பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டு செல்லும் கம்பித் தொடரின் அமைப்பு வேலையில் அவருக்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் இஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மகாநாட்டுக்குச் சென்று வந்தார். திரேசியா கேரளப் பொது மராமத்து இலாகாவில் சேர்ந்து, 1971இல் அதன் தலைமை இஞ்சினீயரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற் பெண் அவரே.

இச்சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. லலிதாவிடம் அறிவு இருந்தது, ஊக்கம் இருந்தது. அவை மட்டும் போதியிருக்குமா? தந்தை காலேஜில் போய்க் கேட்டார். தலைவர் மறுக்கவில்லை. கல்கத்தாவில் அண்ணன் வீடு இருந்தது. லலிதா வேலைக்குப் போனபோது அங்கே குழந்தையைக் கவனித்துக்கொள்ள அண்ணியார் இருந்தார். இவர்களில் ஒருவர் கை விரித்திருந்தாலும் இந்தியாவின் முதல் பெண் இஞ்சினீயர் வேறொருவராயிருப்பார். அறிவு பெண்ணுடையது, திறவுகோல் பிறர் கையில் இருந்தது. இத்தகைய தந்தையும் அண்ணனும் வாய்க்காமையால் அடுப்படியிலேயே அவிந்துபோன அறிவு எவ்வளவு என்பதை எந்தக் கணக்கர் எழுதி வைத்திருக்கிறார்?

மாறி மாறி வரும் காரணங்கள்

இனி, காரணம் எவ்வாறு இடம் மாறுகிறது என்பதைப் பார்ப்போம். 1933இல் பம்பாய் சர்வகலாசாலையில் பி.எஸ்ஸி. பரீக்ஷையில் முதன்மையாகத் தேறிய கமலா பாகவத் என்னும் பெண், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அதன் தலைவராயிருந்தவர் ஸர் சி. வி. ராமன். பெண் என்ற ஒரே காரணத்தால் அவர் இடம் மறுத்தார். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிச் சத்தியாக்கிரகம் செய்யவும் துணிந்த கமலா நேரில் போய் வாதாடினார். முதல் வருஷம் முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், அவர் இருப்பதால் ஆண் மாணவர்களின் கவனம் கலையக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுடன் அவருக்கு இடம் கிடைத்தது. ஆண் மாணவரின் மனம் கலைந்தால் அதற்குப் பெண் மாணவி ஜவாப்தாரி! ஆயினும் கமலாவின் உழைப்பு ராமனின் எண்ணத்தை மாற்றிற்று. கழகத்தின் கதவும் பிற பெண்களுக்குத் திறந்தது. கமலா பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். கமலா ஸோஹனி என்ற பெயரால் அவரைத் தேசம் அறியும். பதநீரின் போஷாக்கைப் பற்றி ஆராய்ந்து, ஏழை மக்களின் உணவுக்கு அவர் செய்த தொண்டு பெரிது.

"படிப்பார்கள், ஆனால் கருவிகளைக் கையாள வராது" என்பது அடுத்த காரணம். இதற்கு விடை கூறியவர் அன்னா மாணி. 1918இல் பீருமேட்டில் பிறந்த இவர், சென்னை மாகாணக் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர். இளமையிலேயே தேசிய இயக்கத்தால் கவரப்பட்டுக் கதர் உடுத்தவர். இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, 1948இல் திரும்பி இந்திய வானிலை இலாகாவில் அமர்ந்தார். மழைமானி முதலிய சாமானியக் கருவிகளுக்குக்கூட நாம் அந்நிய நாட்டை எதிர்பார்த்திருந்த காலம். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு அவர் திட்டமான வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்யும்படி செய்தார். சுதேசி என்பது துணியோடு முடிவதன்று. அளவுகோலும் சுதேசியாதல் வேண்டும் என்பதைச் செயலில் காட்டியவர் ஒரு பெண்.

"கருவிகளைக் கையாளலாம், தொழிற்சாலை மட்டும் கூடாது" என்பது அதற்கும் அடுத்த காரணம். 1974இல் ஒரு பெரிய மோட்டார் தொழிற்சாலை இஞ்சினீயர்கள் வேண்டுமென விளம்பரம் செய்தபோது, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா என்னும் மாணவி, அக்கம்பெனியின் அதிபருக்கே ஒரு தபால் கார்டில் தம் கண்டனத்தை எழுதினார். அவரை அழைத்துப் பரீக்ஷித்து வேலையும் கொடுத்தனர். அவரே இப்பொழுது ஸ்ரீமதி சுதா மூர்த்தி என்று அறியப்படுபவர். சுயராஜ்யம் வந்து கால் நூற்றாண்டு கடந்தபின் நடந்தது இது.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் பெண் மின்சார விளக்கைப் பற்றி அரிய ஆராய்ச்சி செய்தார். 1902இல் அவருடைய பெயரை ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் பதவிக்குச் சிபார்சு செய்தபோது, விவாகமான பெண்ணுக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை என்று தள்ளிவிட்டனர். நான்கு ஆண்டுகள் சென்று, 1906இல், அதே சங்கம் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பதக்கம் வழங்கியது. பதக்கம் கொடுக்கலாம், பக்கத்தில் நாற்காலி போடலாகாது! 1660இல் தோன்றிய அச்சங்கத்தில் முதன்முதல் பெண்கள் அங்கத்தினராக ஏற்கப்பட்டது 1945ஆம் ஆண்டில்தான்.

இயற்கை தேசத்துக்குத் தேசம் மாறுமா?

"சிலர் விதிவிலக்காக இருக்கலாம், பொதுவாகப் பெண்ணின் மனம் இத்துறையை நாடாது" என்று கூறுவோர் இன்னும் உளர். அவர்களுக்குச் சில கணக்குகளைக் காட்டுவோம். ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட விஞ்ஞான அறிக்கையின்படி, இஞ்சினீயரிங் பட்டம் பெறுவோரில் பெண்கள், உலக முழுமைக்கும் நூற்றுக்கு 28 பேர். ஜப்பானில் 14 பேர். ஸ்விட்ஸர்லாந்தில் 16 பேர். அமெரிக்காவில் 20 பேர். அல்ஜீரியாவிலோ 48 பேருக்குமேல்! ஓமானிலும் மொராக்கோவிலும் 40க்கு மேல். பெண்ணின் மூளை ஜப்பானில் ஒரு விதமாகவும் அல்ஜீரியாவில் வேறு விதமாகவும் படைக்கப்பட்டிருக்கிறது என்று எவரேனும் சாதிப்பாரா?

கம்ப்யூட்டரின் கதை இதனினும் வேடிக்கையானது. 1945-46இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பெரிய மின்னணுக் கணிப்பொறிக்கு வேலைத்திட்டம் வகுத்தவர்கள் ஆறு பெண்கள். யந்திரத்தைச் செய்வது ஆண்களின் பெருமை. அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுப்பது குமாஸ்தா வேலை என்று அன்று எண்ணியதால், அது பெண்களுக்கு விடப்பட்டது. வேலையின் மதிப்பும் ஊதியமும் உயர உயர, அது ஆண்களுக்குரிய வேலை என்ற பெயர் பெறலாயிற்று. 1980களின் நடுவில் அந்நாட்டில் கம்ப்யூட்டர் பட்டம் பெற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்களாயிருந்தனர். பின்னர் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. நம் நாட்டிலோ, கம்ப்யூட்டர்தான் பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்று பெற்றோரே பரிந்து கூறுகின்றனர். வேலை ஒன்றே, யந்திரம் ஒன்றே. அங்கே அது பெண்ணுக்கு ஒவ்வாதது. இங்கே அதுவே பெண்ணுக்கு உகந்தது. இரண்டு தேசத்தாரும் ஆணையிட்டுக் கூறுவது இயற்கையின் பெயரால்தான்!

படித்தவர்கள் எங்கே?

நம் தேசத்தின் இன்றைய நிலைமையை நோக்குவோம். மத்திய சர்க்கார் எடுத்த உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22ஆம் ஆண்டில் விஞ்ஞானப் படிப்புகளில் பயின்ற பெண்கள் 29.8 லக்ஷம், ஆண்கள் 27.4 லக்ஷம். ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. "பெண்ணுக்கு விஞ்ஞானம் ஏறாது" என்ற பழங்கூற்றை இந்த ஒரு கணக்கே புதைத்துவிடுகிறது. ஆனால் இஞ்சினீயரிங் படிப்பிலோ பத்தில் மூன்று பங்கே பெண்கள். ஆராய்ச்சித் தொழிலில் நேராக ஈடுபட்டிருப்போரை 2018இல் சர்க்கார் எண்ணியபோது, நூற்றுக்கு 16.6 பேரே பெண்கள். வகுப்பில் பாதிக்கு மேல். ஆராய்ச்சிச் சாலையில் ஆறில் ஒருவர். இடையில் மறைந்த பெண்கள் எங்கே போனார்கள்?

அவர்கள் எங்கும் போய்விடவில்லை. நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சாகிறது. அத்துடன் அதன் உபயோகம் முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சியில் ஒருவர் வேரூன்ற வேண்டிய வயதும், விவாகமும் பிரசவமும் நிகழும் வயதும் ஒன்றாயிருக்கின்றன. கணவனுக்கு வேறூருக்கு மாற்றலானால் மனைவி தன் வேலையை விடுவது தர்மமென்று கருதப்படுகிறது. மனைவிக்கு மாற்றலானால் அவள் வேலையை விடுவதே மறுபடியும் தர்மமாகிறது. நான்கு வருஷம் குழந்தைக்காக வீட்டிலிருந்தவள் திரும்பி வந்தால், "இடையில் என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள். ஒரு குடத்தில் நீரை முகந்து முகந்து ஊற்றி, அடியிலுள்ள ஓட்டையை அடைக்காமல், "குடம் நிறையவில்லை, நீரின் இயற்கை அப்படி" என்று கூறுவதற்கு ஒப்பாகும் இது.

சட்டமும் சலுகையும்

வீட்டு வழக்கத்துக்குச் சட்டமும் நெடுங்காலம் துணை நின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இரவு ஏழு மணிக்குமேல் காலை ஆறு மணிவரை தொழிற்சாலைகளில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்பே நோக்கம் என்றனர். ஆனால் ஷிப்டு முறையில் நடக்கும் ஆலையில் இரவு வேலைக்கு வராத இஞ்சினீயரை யார் மேலதிகாரியாக்குவார்? 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஹைக்கோர்ட் அந்தத் தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று தள்ளியது. சுரங்கத்தின் உள்ளே இறங்கி வேலை செய்ய, தொழில்நுணுக்க வேலையிலுள்ள பெண்களுக்கு 2019இல்தான் அனுமதி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், ஜார்க்கண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெண் சுரங்க இஞ்சினீயர் ஒருவர் இறங்கி வேலையை ஏற்றார். பூமி பிளந்துவிடவில்லை. இருட்டில் ஆபத்து உண்டென்றால் விளக்குப் போடுவதும் காவல் வைப்பதும் கடமை. பெண்ணை வெளியே நிறுத்தி ஆபத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக் காப்பது நியாயமன்று.

இந்தியத் தொழில்நுணுக்கக் கழகங்களாகிய ஐ.ஐ.டி.க்களில் மாணவிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலையைக் கண்டு, 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. சில ஆண்டுகளில் அவர்களுடைய தொகை ஐந்தில் ஒரு பங்கை எட்டியது. இதைக் கண்டு, "தகுதி போய்விட்டது, நம் பையன்களின் இடம் பறிபோயிற்று" என்று அங்கலாய்ப்பவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு நாம் கூறுவதாவது: அந்த இடங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டவை, எந்தப் பையனின் இடத்தையும் பறித்துக் கொடுக்கப்பட்டவை அல்ல. அதே பொதுப் பரீக்ஷையில் தேறியவர்களுக்கே அவை உரியன. மேலும், அப்பரீக்ஷைக்காகப் பையனை இரண்டு வருஷம் வெளியூர் அனுப்பி, லக்ஷக் கணக்கில் செலவு செய்து தயார் செய்யும் தந்தை, பெண்ணுக்கு அதில் பாதியாவது செலவிடுகிறாரா? ஓட்டப் பந்தயத்தில் ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, முடிவில் தகுதியைப் பற்றி உபதேசிப்பது அழகாகாது.

மாலை சூட்டினால் போதுமா?

வெற்றி பெற்ற பெண்களைப் புகழ்வதில் நாம் குறை வைப்பதில்லை. அரியலூர்ப் பெண்மணி வளர்மதி, 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக் கோளின் திட்டத் தலைவராயிருந்தார். 2015இல் தமிழ்நாடு சர்க்காரின் அப்துல் கலாம் விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. 2019இல் சந்திரனை நோக்கிச் சென்ற சந்திரயான்-2இன் திட்டத் தலைவர் வனிதா. 2023இல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா-எல்1இன் திட்டத் தலைவர், செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி சர்க்கார் இஞ்சினீயரிங் காலேஜில் படித்த நிகார் ஷாஜி. திருநெல்வேலிச் சீமையிலே அம்பாசமுத்திரத்தில் தமிழிலேயே பள்ளிப் பாடம் படித்த கலைச்செல்வி, 2022இல் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் தலைமைப் பதவியை ஏற்றார். 1942இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்துக்கு எண்பது ஆண்டுகளில் கிடைத்த முதல் பெண் தலைவர் அவர்.

இவர்களுடைய படங்களைப் பத்திரிகையில் கண்டு பூரிக்கிறோம். பொதுக்கூட்டத்தில் உதாரணம் காட்டுகிறோம். ஆனால், செங்கோட்டையிலும் அரியலூரிலும் இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இவர்களுக்கு இணையாக மார்க்கு வாங்கி, வீட்டாரின் ஒரு சொல்லால் நின்றுபோன பெண்களின் படம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. நூறு பேரைத் தடுத்து, தடையைத் தாண்டிய ஒருத்திக்கு மாலை சூட்டும் சமூகம், அந்த மாலையால் தன் குற்றத்தை மறைத்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியது யாது?

சர்க்கார் செய்ய வேண்டியவை உண்டு. மாணவியர் விடுதிகள் பெருக வேண்டும். கட்டட வேலை நடக்குமிடத்திலும் ஆலையிலும் பெண்களுக்குக் கழிப்பிடமும் பாதுகாப்பான வாகன வசதியும் இருந்தே தீர வேண்டும். குழந்தைக்காக வேலையிலிருந்து விலகியவர் திரும்பி வருவதற்கு முறையான வழி வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் அப்பா ஸ்குரூ முடுக்குவதும் அம்மா தோசை வார்ப்பதுமான படங்கள் மாற வேண்டும். இவற்றுக்காகப் போராடுவது அரசியல் ஊழியர்களின் கடமை.

ஆயினும் இவையெல்லாம் வருமுன்னரே, எந்தச் சட்டசபையின் அனுமதியும் வேண்டாமல் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. வீட்டில் மின்சாரம் நின்றுபோனால், ப்யூஸ் போடும்போது பிள்ளையை மட்டும் அருகில் அழைக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். ஸ்குரூ டிரைவரைப் பெண்ணின் கையிலும் கொடுக்கலாம். கல்யாணத்துக்கென்று அவள் பிறந்த நாள்முதல் நகையாகச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்கலாம். பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது, "வேலையை விட்டுவிடுவாளல்லவா?" என்று கேட்பதை விடலாம். உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர், வந்திருக்கும் பெண்ணிடம் விவாகத்தைப் பற்றி விசாரிக்காமல் வேலையைப் பற்றி விசாரிக்கலாம். மனைவிக்குப் பரிசோதனைச் சாலையில் நேரமாகும் நாளில், உலையில் அரிசி போட்டால் ஆண்மை குறைந்துவிடாது.

நமது முன்னோர் சுயராஜ்யம் கேட்டபோது, "இந்தியருக்கு ஆளும் தகுதி இல்லை, அது அவர்கள் இயற்கையிலேயே இல்லை" என்று வெள்ளையர் கூறினர். தகுதி வந்தபின் உரிமை தருவோம் என்றனர். ஒவ்வொரு பரீக்ஷையிலும் இந்தியர் தேறியபோது வேறொரு பரீக்ஷையை ஏற்படுத்தினர். அந்தத் தந்திரத்தை நாம் நன்றாக அறிவோம். அதை எதிர்த்துச் சிறை சென்ற மக்களின் வழிவந்தவர்கள் நாம். அதே வாதத்தை, அதே சொற்களால், நம் சொந்தப் பெண்மக்களிடம் நாமே கூறிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணரும்போது வெட்கம் உண்டாக வேண்டும்.

பெண்மக்கள் பரீக்ஷை எழுதிவிட்டார்கள், தேறியும் விட்டார்கள். இனித் தேற வேண்டியவர்கள் தந்தையரும், அண்ணன்மாரும், கணவன்மாரும், மேலதிகாரிகளுமே. அடுத்த பரீக்ஷை முடிவு வெளியாகும் நாளில், மகள் தன் மார்க்குப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டும்போது, தீர்ப்புக் கூறுமுன் அவளுடைய விருப்பத்தை ஒரு முறை கேளுங்கள். அவள் மெக்கானிக்கல் என்பாளாயின், விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.